முந்நூற்றுப் பன்னிரண்டு தொடுகை

நாச்சிமுத்துவின் முதுகெலும்பில் தொடுமுனை இறங்கித் தொட்டது. டிக். விலகியது. அடுத்த கணுவைத் தொட்டது. டிக்.

"குளுருது அம்மிணி" என்றான் நாச்சிமுத்து.

"அசையாத அண்ணா. அசைஞ்சா மறுக்கா மொதல்ல இருந்து தொடும்."

"அசையறதுக்கு என்ன இருக்குது? எல்லாந்தான் கெட்டிப் போய்க் கெடக்குதே."

மயிலாத்தாள் சிரிக்கவில்லை. அளவறையில் அவள் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அண்ணன் அரைக்கால் சட்டையோடு பாதத் தட்டின் மேல் நின்றிருந்தான். கூரையிலிருந்து தொங்கிய இயந்திரக் கை அவனைச் சுற்றிச் சுற்றி வந்தது. அந்தக் கையின் நுனியில் விரல் நீளத்துக்கு ஒரு குச்சி, குச்சியின் முனையில் கடுகளவு சிவப்புக்கல் உருண்டை. அதுதான் தொடுமுனை. ஒரு ஆளுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு இடங்களில் தொடும். குதிகாலில் தொடங்கிப் பிடரியில் முடிக்கும். ஒவ்வொரு தொடுகையும் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிகளை ஒப்புமானிக்குள் ஏற்றுவதுதான் மயிலாத்தாளின் வேலை.

ஒப்புமானி என்பது ஒரு மென்பொருள். முன்பெல்லாம் ஆலையில் வார்த்த பம்பு ஓடுகளை மட்டும் அதில் சரிபார்த்தார்கள். வரைபடத்தில் இருக்கும் வடிவத்தையும் வார்த்து வந்த வடிவத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும். விலகல் எல்லைக்குள் இருந்தால் பச்சை, மீறினால் சிவப்பு. தசைக்கூடு வந்த பிறகு ஆட்களையும் அதிலேயே சரிபார்க்கத் தொடங்கினார்கள். புதிதாக ஒன்று வாங்குவானேன் என்று நினைத்திருப்பார்கள்.

கோவைக்குக் கிழக்கே இருந்த அந்த வார்ப்பாலையில் தசைக்கூடு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. கரி இழையில் செய்த எலும்பு, எண்ணெய்க் குழாயில் செய்த தசை. ஆள் அதற்குள் நுழைந்து வாரை இறுக்கிக் கொண்டால் ஆறு பேர் தூக்கும் பாரத்தை ஒருவன் தூக்குவான். மற்ற ஐந்து பேர் வேறு வேலை தேடிப் போனார்கள். மிஞ்சிய ஒருவன் கூட்டுக்குள் இருந்தான். உருகிய இரும்புக் கொப்பரையை எடுக்கும்போது கூடு முன்னால் சாய்ந்துதான் எடுக்கும். உள்ளே இருப்பவனும் சாய்ந்தாக வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம்.

வருடக்கணக்கில் சாய்ந்து நின்ற முதுகு சாய்ந்தபடியே நின்றுவிடும் என்பதைக் கண்டுபிடிக்க மருத்துவர் யாரும் தேவைப்படவில்லை. சண்டை நடந்தது. நாற்பது நாள் ஆட்கள் ஆலைக் கதவை அடைத்தார்கள். கடைசியில் ஒரு சட்டம் வந்தது. நேரான உடல் ஒன்றை வரைந்து அதற்கு மூலவுடல் என்று பெயர் வைத்தார்கள். ஆளின் உயரத்துக்கு ஏற்ப அது நீளும், குறுகும். ஆனால் எப்போதும் நேராக நிற்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆலைக்குள் இருக்கும் எல்லாரையும் தொட்டு அளக்க வேண்டும். மூலவுடலிலிருந்து எவனாவது எந்த இடத்திலாவது இருபது மில்லிமீட்டருக்கு மேல் விலகியிருந்தால் அவனைக் கூட்டிலிருந்து இறக்கிவிட வேண்டும். உட்கார்ந்து செய்யும் வேலை தர வேண்டும். அவன் உடல் மூலவுடலுக்குத் திரும்பும் வரை ஆலைச் செலவில் சிகிச்சை தர வேண்டும். இதற்கு இறக்கம் என்று பெயர். மேஸ்திரிக்கு வேண்டியவன், வேண்டாதவன் என்ற பேச்சே வரக் கூடாது என்பதால் முடிவு சொல்லும் பொறுப்பு ஒப்புமானிக்குத் தரப்பட்டது.

சட்டம் வந்து ஒன்பது வருடத்தில் இறக்கம் வாங்கியவர்கள் மூன்று பேர். மூவரும் கொப்பரை மேடையிலிருந்து விழுந்து எலும்பு முறிந்தவர்கள். தேய்ந்து வளைந்து இறக்கம் வாங்கியவன் ஒருவன்கூட இல்லை.

டிக். பிடரியைத் தொட்டுவிட்டுத் தொடுமுனை மேலே போனது.

மயிலாத்தாள் புள்ளிகளை ஏற்றினாள். திரையில் சாம்பல் நிறத்தில் மூலவுடல், அதன் மேல் அவள் அண்ணன். கொஞ்ச நேரம் இரண்டும் ஒன்றையொன்று தேடுவதைப் போல நகர்ந்தன. பிறகு நின்றன.

பதினேழு மில்லிமீட்டர். பச்சை.

"என்ன வந்துது?"

"பச்சைதாண்ணா."

"செத்துப்போயி பாடையில படுக்க வெச்சாலும் இது பச்சைதான் காட்டும் போல" என்றான். சட்டையைப் போட்டுக் கொண்டான். அப்படிப் போடுவதற்கே அவன் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. அவன் தலை மார்புக்கு முன்னால் மூன்று விரல் அகலம் தள்ளி இருந்தது. பேசுகிறவர் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கண்ணை மேலே செருகித்தான் பார்ப்பான். வெளியே போனான். வாசலைத் தாண்டி நாலு எட்டு வைத்த பிறகும் அவனுடைய இடது செருப்பு வாசலுக்குள்ளேயே கிடந்தது.

"அண்ணா, செருப்பு."

திரும்பிப் பார்த்தான். வெறுங்காலோடு நடந்தது அவனுக்குத் தெரியவில்லை. ஒரு வருடமாகவே இப்படி. இடது பாதம் மரத்துப் போய்விட்டது. இன்னும் இரண்டு வருடம் கூட்டில் ஏறினால் முட்டிக்குக் கீழே இரண்டு காலும் போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். இறக்கம் வேண்டுமென்றால் சிவப்பு வேண்டும். சிவப்பு வராமல் அவனாக நின்றுகொண்டால் வேலையும் போகும், சிகிச்சையும் போகும்.

மயிலாத்தாள் செருப்பை எடுத்துக் கொண்டுபோய் அவன் காலில் மாட்டிவிட்டாள். "நாலு வருசமா மல்லாந்து படுக்கல அம்மிணி" என்றான் அவன், வேறு ஏதோ பேச்சு போல. "ஒரு நா மல்லாந்து படுத்து விட்டத்தப் பாத்துட்டன்னா போதும்."

*

மயிலாத்தாள் அளவறைக்கு வந்து ஐந்து வருடம்தான் ஆகிறது. அதற்கு முன் மணல் அச்சு செய்யும் பிரிவில் இருந்தாள். முப்பது வயதுக்கு மேல்தான் எழுத்துப் படித்தாள். அதனால் அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. எழுதியிருப்பதை ஒன்று விடாமல் படிப்பாள். பிஸ்கட் பொட்டலத்தின் பின்னால் இருப்பதைக்கூட உதடு அசையப் படித்துவிட்டுத்தான் பிரிப்பாள். படித்தவர்கள் பார்த்தவுடன் தாண்டிப் போகிற இடத்தில் அவள் நின்றுவிடுவாள்.

அவளுக்கு முன்னால் அளவறையில் இருந்தவன் பட்டம் படித்தவன். புள்ளிகளை ஏற்றும்போது திரையில் ஒரு பெட்டி வரும். அதில் சில கேள்விகள் இருக்கும், அடியில் 'சரி' என்று இருக்கும். அவன் கேள்வியைப் பார்க்காமல் 'சரி'யை மட்டும் அழுத்துவான். ஒரு கேள்வி உருண்டையின் ஆரத்தைப் பற்றியது. தொடுமுனை பதிவது உருண்டையின் நடுவை. தோலைத் தொடுவதோ உருண்டையின் விளிம்பு. நடுவுக்கும் விளிம்புக்கும் ஒரு மில்லிமீட்டர். அதைக் கழித்து ஏற்ற வேண்டும். அவன் கழிக்கவில்லை. ஆலையில் எல்லாரும் கணக்கில் ஒரு சுற்றுப் பருத்துப் போனார்கள். அந்த அளவுக்குக் கூடுகள் வந்தன. தளர்ந்த கூடு தோளில் உராய்ந்து அறுநூறு பேருக்குப் புண். "எம்பொண்டாட்டி போடற சோத்துக்கு நான் எங்கீங் பருக்கறது?" என்று வெள்ளியங்கிரி ஊர் முழுக்கச் சொல்லிக் கொண்டு திரிந்தான். வெள்ளியங்கிரி கொப்பரை மேடையில் நாச்சிமுத்துவின் ஜோடிக்காரன். அவன் வாய்க்குப் பூட்டு கிடையாது.

மயிலாத்தாள் வந்த முதல் வாரமே அந்தக் கேள்வியை எழுத்துக் கூட்டிப் படித்து, விசாரித்து, சரி செய்தாள். புண் ஆறியது. ஆனால் பச்சை மட்டும் மாறவில்லை.

அண்ணனுக்குப் பச்சை வந்த மறுநாள், சாப்பாட்டு நேரத்தில், அச்சுப் பிரிவிலிருந்து மணல் குத்தும் இரும்புக் கம்பி ஒன்றைக் கொண்டுவந்தாள். ஒரு மீட்டர் நீளம். நடுவில் நன்றாக வளைந்தது. இரண்டு முனைக்கும் நூல் பிடித்து அடிக்கோலால் அளந்தாள். நடுவில் நூலுக்கும் கம்பிக்கும் முப்பது மில்லிமீட்டர் இடைவெளி. கம்பியைப் பாதத் தட்டின் மேல் நட்டு, தொடுமுனையை விட்டுத் தொட வைத்தாள். ஒப்புமானியில் நேரான கம்பியின் வரைபடத்தோடு ஏற்றினாள்.

பதினைந்து. பச்சை.

நூலை மறுபடி பிடித்தாள். முப்பது. மறுபடி ஏற்றினாள். பதினைந்து.

பெட்டியை மறுபடி திறந்து முதல் எழுத்திலிருந்து படித்தாள். அலகு: மில்லிமீட்டர். உருண்டை ஆரம்: கழித்தல். மூன்றாவதாக ஒரு வரி. நிறுத்தும் முறை: இணக்கம். அதன் பக்கத்தில் சிறிய அம்புக்குறி. அதை அழுத்தினால் இன்னொரு சொல் வந்தது. ஆதாரம்.

ஐந்து வருடமாக அவளும் அந்த வரியைப் படித்துக் கொண்டுதான் இருந்தாள். இணக்கம் நல்ல சொல்லாக இருந்ததால் கேட்கத் தோன்றவில்லை.

ஆதாரம் என்று மாற்றி ஏற்றினாள். இப்போது ஒப்புமானி கம்பியின் இரண்டு முனைகளையும் வரைபடத்தின் இரண்டு முனைகளோடு வைத்து அங்கேயே நிறுத்தியது. நகர்த்தவில்லை. நடுவில் முப்பது. சிவப்பு.

அவளுக்குப் புரிந்தது. இணக்கம் என்றால், வளைந்ததை நேரானதன் மேல் வைத்து, எப்படித் தள்ளினால் குறை குறைவாகத் தெரியுமோ அப்படித் தள்ளி வைப்பது. முனைகள் இந்தப் பக்கம் பதினைந்து, நடு அந்தப் பக்கம் பதினைந்து. முப்பது எங்கேயும் இல்லை.

அண்ணனின் புள்ளிகளை எடுத்தாள். இரண்டு குதிகால், இடுப்பெலும்பு, இவற்றை ஆதாரமாக வைத்து ஏற்றினாள். திரையில் மூலவுடல் நேராக நின்றது. அதன் குதிகாலிலேயே குதிகால் வைத்து அவள் அண்ணன் நின்றான். இடுப்பு வரை இருவரும் ஒன்று. அதற்கு மேல் அவன் மட்டும் பிரிந்து முன்னால் போய்க் கொண்டே இருந்தான்.

நாற்பத்தாறு. சிவப்பு.

அவள் கம்பியை மடியில் வைத்துக் கொண்டு அந்தச் சிவப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டு மணி முடிந்தது தெரியவில்லை.

*

தரப் பிரிவின் பொறியாளர் திருமூர்த்திக்கு முப்பத்திரண்டு வயது. கெட்டவன் இல்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை அறிக்கை அனுப்பிக் கொண்டே இருப்பவன்.

"அக்கா, இணக்கம்ங்கறது தப்பு இல்லீங்க" என்றான். "ஆளு நிக்கறப்ப முன்னப் பின்ன இருக்கும்ல? அதுக்கு ஈடு கட்டறதுக்கு வெச்சதுங்க அது."

"முன்னப் பின்ன நிக்கறதுக்கு வெச்சது, கூனிப் போனதயும் சேத்து முழுங்குதுங்களே சார்."

கம்பியை அவன் மேசை மேல் வைத்தாள். நூலையும் வைத்தாள். அவன் நூலைத் தொடவில்லை. கம்பியைப் பார்த்தாலே தெரிந்தது.

"ஆதாரத்துல ஏத்துனா எல்லாருக்குமே செவப்பு வருமுங்க்கா."

"வரட்டுமுங்க."

"எல்லாரும் செவப்புன்னா என்ன ஆவும்னு யோசிச்சீங்களா?"

"என்னங் ஆவும்? எறக்கி உடுவாங்க. சட்டம் இருக்குதல்லொ."

திருமூர்த்தி கம்பியை உருட்டினான். அது நேராக உருளாமல் தத்தி நின்றது. "சட்டம் இருக்குதுங்க" என்றான். "ஆனா நம்ம ஆலைப் பழக்கமும் ஒண்ணு இருக்குது. அதயும் யோசிங்க."

அவன் எதைச் சொல்கிறான் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் சொல்லியிருக்கலாம். அவள் மனதில் நாற்பத்தாறு மட்டும்தான் இருந்தது.

தொழில்நல ஆணையத்துக்கு முறையீடு எழுதினாள். ஒரு பக்கம் எழுத இரண்டு நாள் ஆனது. இணக்கம் விலகலை மறைக்கிறது, அதை ஒப்புமானியிலிருந்தே எடுத்துவிட வேண்டும், இனி யாரும் அதை வைத்து ஏற்ற முடியாதபடி செய்ய வேண்டும் என்று எழுதினாள். கூடவே ஆலையில் இருந்த அறுநூற்று நாற்பது பேரின் புள்ளிகளையும் ஆதார முறையில் மறுபடி ஏற்றி இணைத்தாள். அறுநூற்றுப் பதினொன்று சிவப்பு. இருபத்தொன்பது பச்சை. பச்சை வந்தவர்கள் புதிதாகச் சேர்ந்தவர்கள், அலுவலகத்தார், திருமூர்த்தி, பிறகு கூட்டில் ஏறாத அவள். திருமூர்த்தி முறையீட்டைப் படித்தான். பொறியாளர் கையெழுத்து போடும் இடத்தில் போட்டான்.

செய்தி மதியத்துக்குள் ஆலை முழுக்கப் பரவிவிட்டது.

"டேய் மாப்ள, நான் அம்பத்திரண்டு" என்றான் வெள்ளியங்கிரி. "நீ எத்தனடா?"

"நாப்பத்தாறு."

"போடா, என்னளவுக்கு உழைக்கவே இல்ல நீ."

அந்த வாரம் ஆட்கள் விலகலைச் சொல்லி விசாரித்துக் கொண்டார்கள். பெரிய எண் வைத்திருந்தவனுக்கு மரியாதை கூடியது. நாச்சிமுத்து வீட்டில் கட்டிலை நகர்த்திப் போட்டான். மல்லாந்து படுத்தால் விட்டம் தெரிகிற இடமாகப் பார்த்துப் போட்டான். படுத்துப் பார்க்கவில்லை. முதுகு சேராது என்று அவனுக்குத் தெரியும். சிகிச்சை முடிந்த பிறகு படுக்கத்தான் அந்த இடம்.

*

பதினோராம் நாள் ஆணையத்திடமிருந்து பதில் வந்தது. ஷிப்டு மாறும் நேரத்தில் முற்றத்தில் எல்லாரும் கூடினார்கள். இறங்குகிறவர்கள் கூட்டைக் கழற்றிச் சுவரில் மாட்டிவிட்டு வந்தார்கள். ஏறுகிறவர்கள் மாட்டாமல் நின்றார்கள். நாலு நாற்காலி போட்டிருந்தார்கள், யாரும் உட்காரவில்லை.

"நீயே படி அம்மிணி" என்றான் நாச்சிமுத்து. "நீ எழுதுனதுக்குத்தான பதிலு."

மயிலாத்தாள் ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள்.

"தங்கள் முறையீடு சரியானது. இணக்க முறை விலகலை மறைத்து வந்தது உண்மை. தாங்கள் கேட்டபடி அம்முறை ஒப்புமானியிலிருந்து இன்றோடு நீக்கப்படுகிறது. தாங்கள் ஏற்றி அனுப்பிய அளவுகள் அனைத்தும் பிழையற்றவை என்று ஒப்புமானி உறுதி செய்துள்ளது."

கைதட்டினார்கள். யாரோ விசில் அடித்தார்கள். நாச்சிமுத்து கண்ணைச் செருகி அவள் முகத்தைப் பார்த்தான். அவள் அதற்குள் அடுத்த வரியைப் படித்துவிட்டிருந்தாள்.

"படிங்க்கா" என்றான் ஒருவன்.

"அளக்கப்பட்ட அறுநூற்று நாற்பது உடல்களில் அறுநூற்றுப் பதினொன்று ஒரே திசையில், ஏறத்தாழ ஒரே அளவு விலகியுள்ளன. பெருவாரியான பொருள்கள் ஒரே பக்கம் விலகியிருந்து, அவை பணிக்கு உதவியும் வருமானால், பிழை பொருளில் இல்லை, வரைபடத்தில் உள்ளது என்பது இந்த ஆலையில் நிலைபெற்ற நடைமுறை. முன்னுதாரணம்: பம்பு ஓடு வரைபடத் திருத்தம். முன்மொழிந்தவர்: வார்ப்புப் பிரிவு, நாச்சிமுத்து."

எல்லாரும் நாச்சிமுத்துவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

எல்லாருக்கும் அது நினைவிருந்தது. பத்து வருடத்துக்கு முன்னால் தொள்ளாயிரம் பம்பு ஓடுகள் ஒரே பக்கம் மூன்று மில்லிமீட்டர் விலகி வந்தன. தொள்ளாயிரத்தையும் உடைத்து உருக்கு என்றார்கள். உடைத்திருந்தால் கொப்பரை மேடையில் இருந்த அத்தனை பேரும் வெளியே போயிருப்பார்கள். நாச்சிமுத்துதான் அப்போதிருந்த பொறியாளர் முன்னால் போய் நின்றான். "சார், எல்லாமே ஒரே பக்கம் வெலகியிருக்குதுங்க. மாட்டுனா பொருந்துது, தண்ணி ஊத்துது. அப்பறம் ஓட்ட எதுக்குங்க ஒடைக்கறீங்க? படத்தத் திருத்திப் போடுங்க" என்றான். திருத்தினார்கள். ஒரு ஓடுகூட உடையவில்லை. அன்றைக்கு அவனைத் தோளில் தூக்கிக் கொண்டு இதே முற்றத்தைச் சுற்றினார்கள். பெரிய மாலை போட்டார்கள். அதன் பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. எப்போது ஒரு கூட்டம் ஓடு கோணலாக வந்தாலும் ஆட்களே போய்ப் படத்தைத் திருத்தச் சொல்வார்கள். ஒப்புமானி அதையெல்லாம் பார்த்துக் கொண்டே இருந்து, தன் விதிகளில் ஒன்றாக எழுதிக் கொண்டது.

மயிலாத்தாளின் குரல் இறங்கிவிட்டது. ஆனாலும் ஒரு சொல்லையும் விடவில்லை.

"அதன்படி மூலவுடல் திருத்தப்படுகிறது. அறுநூற்றுப் பதினொரு உடல்களின் சராசரி இனி மூலவுடல். அவ்வுடல்கள் அனைத்தும் எல்லைக்குள் உள்ளன. எஞ்சிய இருபத்தொன்பது உடல்கள் எல்லையை மீறியுள்ளன. சட்டப்படி அவற்றுக்கு, மூலவுடலுக்குத் திரும்பும் வரை, சிகிச்சை தரப்படும்."



"அப்ப நாம நேராயிட்டமாடா?" என்றான் வெள்ளியங்கிரி. யாரும் சிரிக்காததால் இன்னொரு முறை சொன்னான். "ஆஸ்பத்திரிக்குப் போவாம, மருந்து திங்காம, நின்ன எடத்துலயே நேராயிட்டம்டா."

"அண்ணனுக்கு எத்தனைன்னு போட்டிருக்குதுங்க்கா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்.

இணைப்பில் பட்டியல் இருந்தது. அவள் தேடிப் படித்தாள். "ரெண்டு."

நாச்சிமுத்து எப்போதும் போலத் தரையைப் பார்த்துக் கொண்டிருந்தான். ஏற வேண்டிய நேரம் தாண்டியிருந்தது. சங்கு ஊதியது. முதலில் நகர்ந்தவன் அவன்தான். சுவரில் மாட்டியிருந்த கூட்டுக்குள் முதுகைக் கொடுத்தான். இரண்டு மில்லிமீட்டர் விலகலோடு கூடு அவனைக் கவ்விக் கொண்டது.

*

சிகிச்சைக் கூடுகள் அடுத்த மாதம் வந்தன. பாரம் தூக்கும் கூட்டைப் போல அல்ல, லேசானவை. வாரத்துக்கு இரண்டு மில்லிமீட்டராக உடலை மூலவுடலை நோக்கிக் கொண்டுபோகும். தோளில் ஒரு சிறிய விளக்கு உண்டு. உடல் எல்லைக்குள் வந்தால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. இருபத்தொன்பது பேருக்கு இருபத்தொன்பது. சிகிச்சையை மறுக்கிறவர் ஆலைக்குள் நுழைய முடியாது. அது ஆட்கள் கேட்டுச் சேர்த்த விதி. சிகிச்சை தராமல் ஆலை ஏமாற்றிவிடக் கூடாதே என்று நாற்பது நாள் போராட்டத்தில் கேட்டு வாங்கியது.

கூடு மாட்டுவதற்கு முன்னால் ஒருமுறை அளக்க வேண்டும். திருமூர்த்திக்கு அளந்தாயிற்று. முப்பத்தொன்பது. அவன் கூட்டை மாட்டிக் கொண்டு, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துக் கொண்டு, அறிக்கை அனுப்பப் போய்விட்டான். போகும்போது "அன்னிக்கே சொல்லியிருக்கோணுமுங்க நான்" என்றான். 

கடைசியாக மயிலாத்தாள். தட்டில் ஏறி நின்றாள். உருண்டை குதிகாலைத் தொட்டது. டிக். அண்ணன் சொன்னது போலவே குளிர்ந்தது. அவள் அசையவில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டும் முடிந்த பிறகு இறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தன் புள்ளிகளைத் தானே ஏற்ற வேண்டும்.

பெட்டி திறந்தது. அலகு: மில்லிமீட்டர். உருண்டை ஆரம்: கழித்தல். நிறுத்தும் முறை: ஆதாரம்.

அம்புக்குறி இருந்த இடத்தைப் பார்த்தாள். இணக்கம் இருந்திருந்தால் அவளுடைய நேரான முதுகை அது வளைந்த மூலவுடலின் மேல் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்திருக்கும். இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. இருபதுக்குள் அடக்கியிருக்கும். பச்சை காட்டியிருக்கும். இருபத்தொன்பது பேருக்கும் காட்டியிருக்கும். அம்புக்குறி இல்லை. அந்த இடத்தில் சிறிய எழுத்தில் ஒரு வரி இருந்தது. அதையும் படித்தாள். "முறையீட்டின் பேரில் நீக்கப்பட்டது."

ஆரத்தை இரண்டு முறை கழிக்கலாமா என்று நினைத்தாள். ஒரு மில்லிமீட்டர்தான் மாறும். போதாது. அதோடு, அது தப்பு. 'சரி'யை அழுத்தினாள்.

மூலவுடல் குனிந்து நின்றது. அதன் குதிகாலில் குதிகால் வைத்து அவள் நின்றாள். இடுப்பு வரை இருவரும் ஒன்று. அதற்கு மேல் அவள் மட்டும் பிரிந்து பின்னால் போய்க் கொண்டே இருந்தாள்.

நாற்பத்து மூன்று. சிவப்பு.

ஷிப்டு முடிந்து நாச்சிமுத்து வந்தான். வாரை இறுக்கிப் பழகியவன் அவன்தான் என்பதால் அவளே வரச் சொல்லியிருந்தாள். கூட்டை அவள் முதுகில் வைத்து ஒவ்வொரு வாராகக் கோத்தான். அவன் விரல்கள் அதைப் பார்க்காமலே செய்தன. கடைசி வாரை இழுத்ததும் கூடு முனகியது. அவள் தோள் ஒரு மயிரிழை முன்னால் வந்தது. தோளில் சிவப்பு எரிந்தது.

"நோவுதா?"

"இல்லீண்ணா."

"மொத ரெண்டு மாசந்தான் நோவும் அம்மிணி. பழகிப் போச்சுன்னா, அப்பறம் நிமுந்தாத்தான் நோவும்."

அவள் தலையாட்டினாள். இதைவிட நல்லதாகச் சொல்ல அவனிடம் வேறு எதுவும் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

"கட்டல பழைய எடத்துலயே திருப்பிப் போட்டுட்டயாண்ணா?" என்று கேட்டாள். அவன் சுவரைப் பிடித்தபடி வெளியே நடந்தான். வாசலைத் தாண்டி நாலு எட்டு வைத்தான். இடது செருப்பு வாசலுக்குள்ளேயே கிடந்தது.

"அண்ணா" என்று கூப்பிட வாயெடுத்தாள். கூப்பிடவில்லை. எடுத்துக் கொண்டு அவன் பின்னால் ஓடலாம் என்று வாசலுக்கு வந்தாள். செருப்பை எடுக்கக் குனிந்தாள்.

தோளில் விளக்கு பச்சையானது. கூட்டின் இறுக்கம் தளர்ந்தது. கூடு மாட்டியதிலிருந்து விட முடியாமல் இருந்த மூச்சு அவளை விட்டு வெளியே வந்தது.

செருப்பைக் கையில் பிடித்தபடி, நிமிராமல், அவள் அப்படியே குனிந்து நின்றாள்.